பதினாலு எட்டு அறுபத்தாறு

பார்த்து உட்காருங்க சார், கண்ணாடி இருக்கு. முட்டி பட்டா உடைஞ்சிரும். இல்ல இல்ல, சாமி படம் இல்ல. கண்டக்டரும் அதையேதான் கேட்டார், ‘எந்த சாமி சார், லக்கேஜ் போடவா வேணாமா’ன்னு. இது படிவம். கண்ணாடி போட்ட படிவம். துண்டு சுத்தியிருக்கறதால உங்களுக்குத் தெரியல. கடலூர் வரைக்கும் இதைப் பத்திரமாக் கொண்டு போகணும். தொழிலாளர் அலுவலர் மேடம் கேட்டிருக்காங்க.

நீங்க எங்க இறங்கணும்? வடலூரா. அப்ப ஒரு மணி நேரம் இருக்கு, விஷயத்தைச் சொல்லி முடிச்சிரலாம். முடிவுல உங்ககிட்ட ஒரு சின்ன உதவி கேட்பேன். ஒரு கையெழுத்து. பயப்படாதீங்க, ஜாமீன் இல்ல. படிச்சவரா இருக்கீங்க, சட்டைப் பையில பேனா இருக்கு. அதனாலதான் ஜன்னல் சீட்டையே விட்டுக் குடுத்தேன்.

கம்பெனி பேரை மட்டும் கேட்காதீங்க. விஷயம் விசாரணையில இருக்கு, வெளியாள்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. பீங்கான் கம்பெனி. விருத்தாசலத்துல பீங்கான்னு சொன்னா பொம்மை, ஊறுகாய் ஜாடின்னு நினைச்சுக்குவாங்க. நாங்க செய்யறது கக்கூஸ் கோப்பை. இந்தியன், வெஸ்டர்ன் ரெண்டும். முப்பத்தி நாலு வருஷமா அங்க நான் பர்சனல் ஆபீசர். இப்ப எச்.ஆர்.னு போர்டு மாத்திட்டாங்க. ஆள் நான்தான், வேலையும் அதேதான். லீவு, மெமோ, பி.எஃப்., இ.எஸ்.ஐ., யார் யாரை அடிச்சாங்க, யாருக்கு எந்தச் சட்டத்துல என்ன உண்டு. எது கேட்டாலும் பிரிவு எண்ணோட சொல்லுவேன். யாராவது நல்லாருக்கீங்களான்னு கேட்டாலே பிரிவு எண்ணோட சொல்றேன்னு என் வீட்டுல சொல்லுவாங்க.

எனக்குன்னு தனி ரூம் கிடையாது. அதை முதல்லயே சொல்லிடறேன், பின்னாடி அது வரும். வாசல்ல ஷோரூம் இருக்கு. விதவிதமான கோப்பை வரிசையா வெச்சிருப்பாங்க, ரோஸ், ஊதா, பூப்போட்டது. அதுக்கு நடுவுல என் மேஜை. லீவு கேட்டு வர்றவங்களுக்கு நாற்காலி போட இடமில்ல. கோப்பை இருக்கு, மூடி போட்டது. அதுமேலதான் உட்காருவாங்க. ஒருத்தருக்கு டிஸ்மிஸ் ஆர்டர் குடுத்தேன். அவர் அதுல உட்கார்ந்தபடி வாங்கிப் படிச்சு, உட்கார்ந்தபடியே அழுதார். உத்தரவோட கண்ணியம் என்னாகறது? முப்பத்தி நாலு வருஷமா ஒரு ரூம் கேட்டேன். கதவு வெச்சு, கதவுல என் பேர் போட்டு. அவ்வளவுதான் கேட்டேன்.

சரி, படிவம். தொண்ணூத்திரண்டுல தொழிற்சாலை ஆய்வாளர் வர்றார்னு தகவல் வந்துச்சு. ஒவ்வொருத்தரோட விண்ணப்பமும் ஃபைல்ல இருக்கணும். எங்காளுங்க ஒவ்வொருத்தரா வந்து ‘சார், இந்தக் கட்டத்துல என்னா எழுதறது, அந்தக் கட்டத்துல என்னா எழுதறது’ன்னு நின்னா நான் மத்த வேலையை எப்பப் பார்க்கறது? அதனால ஒரு படிவத்தை நானே பூர்த்தி பண்ணேன். கறுப்பு மையில, முத்து முத்தா. பேர் எழுதற கட்டத்தை மட்டும் காலியா விட்டேன், அது அவங்கவங்க பேர். மத்ததெல்லாம் என் விவரம். வேற யார் விவரத்தைப் போடறது? பிறந்த தேதி பதினாலு எட்டு அறுபத்தாறு. அங்க அடையாளம் வலது புருவத்துக்கு மேல தழும்பு, இதோ பாருங்க, சின்ன வயசுல ஊஞ்சல் பலகை பட்டது. நாமினி வனஜாட்சி, உறவுமுறை மனைவி, வீட்டு முகவரி. கண்ணாடி போட்டு சுவத்துல மாட்டினேன். அடியில சிவப்பு மையில ரெண்டு வரி எழுதினேன்: ‘இதைப் பார்த்து எழுதவும். அடித்தல் திருத்தல் உள்ள படிவங்கள் ஏற்கப்படமாட்டா.’

அதுக்கப்புறம் ஒருத்தரும் என்கிட்ட வந்து ஒரு சந்தேகம் கேட்டதில்ல சார். அப்படித் தெளிவா இருந்துச்சு. வந்த ஆய்வாளர் ஃபைலைப் புரட்டிப் பார்த்துட்டு, ‘இவ்வளவு ஒழுங்கான விண்ணப்பத்தை நான் எங்கயும் பார்த்ததில்ல’ன்னு சொல்லிட்டுப் போனார். அதுலயிருந்து யார் புதுசா சேர்ந்தாலும் அதே படிவம், அதே சுவர், அதே கண்ணாடி.

அடித்தல் திருத்தல் விஷயத்துல மட்டும் நான் ரொம்பக் கண்டிப்பு. எத்தனையோ பேருக்குத் திருப்பிக் குடுத்திருக்கேன். அஞ்சலாட்சின்னு ஒரு பொண்ணு, மெருகு பூசற பிரிவுல வேலை. எட்டு வருஷத்துக்கு முன்னாடி சேர்ந்துச்சு. முதல் தடவை எழுதிட்டு வந்த படிவத்துல பிறந்த தேதியில ஒரு நாலை அழிச்சு, அதுமேலயே இன்னொரு நாலை அழுத்தி எழுதியிருந்துச்சு. முடியாதும்மா, வேற எழுதிட்டு வான்னு அனுப்பினேன். ரெண்டாவது தடவை பாருங்க, ஒரு எழுத்துப் பிசகல. சுவத்துல இருக்கறதுக்கும் கையில இருக்கறதுக்கும் வித்தியாசமே இல்ல. வெரி குட்னு சொல்லி வாங்கிக்கிட்டேன்.

எங்க விட்டேன்? ஆங், போன வருஷம்.

போன வருஷம் சின்ன முதலாளி கோயமுத்தூர்ல எம்.பி.ஏ. படிச்சுட்டு வந்தார். வந்ததும் எச்.ஆர்.க்குன்னு ஒரு சாப்ட்வேர் வாங்கினார். என்னோட ஃபைல் எல்லாத்தையும் அதுல ஏத்தச் சொன்னார். ரெண்டு மாசம் உட்கார்ந்து ஏத்தினோம். அதோட புதுத் திட்டம் ஒண்ணு அறிவிச்சார்: பிறந்த நாளுக்கு அரை நாள் லீவு, ஒரு கேக்கு. தொழிலாளி மனசு குளிரணுமாம். நல்ல விஷயம்தானே, நான் சுற்றறிக்கையில கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி காலையில எட்டு மணிக்கு சாப்ட்வேர் வாழ்த்து அனுப்புச்சு. எழுபத்தொரு பேர் இருக்கற கம்பெனியில அறுபத்து மூணு பேருக்கு. என்னையும் சேர்த்து. கேக்குக்காரன் வேன்ல வந்து இறங்கினான். மத்தியானம் ஒரு மணிக்கு அறுபத்திரண்டு பேரும் ஆளுக்கொரு கேக்கு டப்பாவோட கேட்டைத் தாண்டிப் போயிட்டாங்க. நான் போகல, எனக்கு வேலை இருந்துச்சு. சூளை எரிஞ்சுக்கிட்டு இருக்கு சார், ஆயிரத்து இருநூறு டிகிரி, பார்க்க ஆளில்ல. மறுநாள் திறந்தா நூத்து நாப்பது கோப்பை விரிசல்.

எனக்கு வந்த கோவத்துக்கு அறுபத்திரண்டு பேருக்கும் மெமோ குடுத்தேன். உற்பத்தியை முடக்கும் நோக்கத்துல கூட்டுச் சதி பண்ணி ஒரே நாள்ல பிறந்திருக்கீங்க, ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு. சின்ன முதலாளி அந்த வரியைப் பார்த்துட்டு, ‘சார், ஒரே நாள்ல பிறந்தது அவங்க தப்பா?’ன்னார். தப்பா இல்லையான்னு விசாரணையில தெரியும்னு சொன்னேன். அதுக்குத்தானே விசாரணை.

பதில் வந்துச்சு. அறுபத்திரண்டு பதில். எடுத்துப் படிச்சா எல்லாத்துலயும் முதல் வரி ‘கொளஞ்சியாகிய நான்’. கொளஞ்சி எங்க சூளை மேஸ்திரி, மூத்த ஆள். அவர் ஒரு பதில் எழுதி நோட்டீஸ் போர்டுல குத்தி வெச்சிருக்கார். மத்தவங்க பேனாவோட வந்து நின்னிருக்காங்க. கீழ கையெழுத்து மட்டும் வேற வேற. அப்பவே நான் ஃபைல்ல குறிப்பு எழுதினேன், ‘கட்டுப்பாடான கூட்டம், கவனம் தேவை’ன்னு.

கூட்டத்துக்கு அதுலயிருந்து பேரே வந்துருச்சு. அறுபத்து மூவர். டீக்கடையில நான் போனாக்கூட, ‘வாங்க சார், அறுபத்து மூவர்ல நீங்க எத்தனாவது நாயன்மாரு’ன்னு கேட்பான்.

அதோட போயிருந்தா நான் ஏன் இந்தக் கண்ணாடியைத் தூக்கிட்டு பஸ்ல வர்றேன். இந்த வருஷம் மே முப்பத்தொண்ணு சாப்ட்வேர் திரும்பவும் வேலை செஞ்சுச்சு. நிலையாணைன்னு கம்பெனி விதி இருக்கு, அதும்படி ஓய்வு வயசு அம்பத்தெட்டு. மூணு மாசம் முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். குடுத்துருச்சு. ‘தாங்கள் வரும் ஆகஸ்ட் 31 அன்று வயது முதிர்வு காரணமாகப் பணி ஓய்வு பெறுகிறீர்கள். தங்கள் எஞ்சிய வாழ்நாள் இனிதாக அமைய வாழ்த்துகள்.’ அறுபத்து மூணு பேருக்கு. இன்னைக்குத் தேதி இருபத்தாறு. இன்னும் அஞ்சு நாள்.

நோட்டீஸை வாங்கிட்டு முதல்ல வந்தது கொளஞ்சியோட பையன் ராஜவேலு. அவனும் எங்ககிட்டதான் வேலை. நேரா வந்து ஊதாக் கோப்பை மேல உட்கார்ந்தான்.

‘சார், எங்கப்பாவுக்கும் நோட்டீஸு, எனக்கும் நோட்டீஸு. நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள்ல பொறந்தமா?’

‘பதிவேட்டுல அப்படித்தான் இருக்கு.’

‘எனக்கு முப்பத்தஞ்சு வயசு சார். எங்கப்பா கல்யாணத்துக்கு அப்புறந்தான் சார் நான் பொறந்தேன்.’

‘அது குடும்ப விஷயம், நான் தலையிட முடியாது. இது உன் கையெழுத்துதானே?’

‘ஆமா.’

‘அப்புறம்?’

அப்புறம் பேச என்ன இருக்கு? கையெழுத்துன்னா கையெழுத்துதான். எல்லாரும் ஆதார் அட்டையைக் கொண்டு வந்து காட்டினாங்க, அதுல வேற வேற தேதி. ஆதார் பிறந்த தேதிக்கு அத்தாட்சி ஆகாதுன்னு சுற்றறிக்கையே இருக்குன்னு எடுத்துக் காட்டினேன். ஒருத்தர் ‘என் நேரமே சரியில்ல சார்’னு ஜாதகமே கொண்டு வந்தார். ஜாதகத்தை வாங்கிக்க நிலையாணையில இடமில்ல. ஆனாலும் மரியாதைக்குப் பிரிச்சுப் பார்த்தேன். அஷ்டமத்துல சனி. அவர் சொன்னதுல தப்பில்ல.

சின்ன முதலாளி என்னை மாடிக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். ‘சார், யோசிச்சுப் பார்த்தீங்களா? அறுபத்து மூணு பேரும் ஒரே நாள்ல ரிட்டயர்டு. ஸ்டிரைக் கிடையாது, பேச்சுவார்த்தை கிடையாது, ஆள்குறைப்புக்கு அரசாங்க அனுமதி கிடையாது. செப்டம்பர் ஒண்ணாந்தேதியிலிருந்து எல்லாம் கான்ட்ராக்ட் ஆளுங்க. உங்க ரெக்கார்டு மட்டும் உறுதியா நிக்கணும்’னார். நிக்கும்னு சொன்னேன். ‘நீங்களும் போகக் கூடாது. ரெண்டு வருஷம் ஆலோசகரா இருக்கீங்க. ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி உங்களுக்குக் கேபின் போடறோம்’னு சொல்லி என் கையைப் பிடிச்சார்.

கதவு வெச்ச கேபின். போன வாரமே பெயர்ப் பலகை வந்துருச்சு. சாவி இதோ, பையில. உங்ககிட்ட காட்டணும்னு இல்ல, சும்மா கையில தட்டுப்பட்டுச்சு.

அந்த சமயத்துலதான் அஞ்சலாட்சி வந்துச்சு. கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு இப்பத்தான் உண்டாயிருக்கு. அக்டோபர் நடுவுல பிரசவத் தேதி. பிரசவ விடுப்புக்கு மனு எழுதிட்டு வந்து, கோப்பையோட மூடியைக் கையால துடைச்சுட்டு மெதுவா உட்கார்ந்துச்சு.

நான் மனுவையும் ஃபைலையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சுப் பார்த்தேன். வயசு அம்பத்தெட்டு, கர்ப்பம். சட்டப் புத்தகத்தை எடுத்தேன். என்னை மாதிரி ஆளா இல்லேன்னா அங்கயே தள்ளுபடி பண்ணியிருப்பாங்க. நான் வரி வரியாப் படிச்சேன். மகப்பேறு நலச் சட்டத்துல வயசு வரம்புன்னு ஒண்ணு கிடையவே கிடையாது சார். முந்தின ஒரு வருஷத்துல எண்பது நாள் வேலை செஞ்சிருந்தா போதும். அம்பத்தெட்டு வயசானாலும் உண்டு.

‘உனக்கு உரிமை இருக்கும்மா’ன்னு சொன்னேன்.

‘எனக்கு அம்பத்தெட்டா சார்? எங்கம்மாவுக்கே அம்பத்திரண்டுதான் சார்.’

‘அதைப் பத்திப் பேச வேணாம். சட்டம் உன் பக்கம் இருக்கு. இருபத்தாறு வாரம்.’

பொண்ணு முகம் தெளிஞ்சுச்சு. நான் பேனாவைத் திறந்து கணக்குப் போட்டேன். பிரசவத்துக்கு எட்டு வாரம் முன்னாடியிலிருந்துதான் எடுக்கலாம். அப்படின்னா ஆகஸ்ட் இருபத்தொண்ணு. ஓய்வு ஆகஸ்ட் முப்பத்தொண்ணு. நடுவுல பதினோரு நாள். ‘இருபத்தாறு வாரம் அனுமதிக்கப்படுகிறது, அதில் பதினோரு நாட்கள் நடைமுறைக்கு வரும்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். என் அதிகாரத்துல எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

அது ரெண்டு தடவை படிச்சுப் பார்த்துட்டுக் காகிதத்தை மடிச்சுச்சு. அப்புறம், ‘இந்த வேலையை நம்பித்தான் சார் புள்ளை பெத்துக்கலாம்னு இருந்தோம். அவருக்கு முதுகு அடிபட்டு வூட்டுல கெடக்கறாரு’ன்னுச்சு. எழுந்திரிக்கும்போது, ‘ஏன் சார், பொறக்கப் போற புள்ளைக்காவது அதோட தேதியைப் போடுவீங்களா’ன்னு கேட்டுச்சு. குழந்தைக்குப் பிறந்த தேதி போடறது நகராட்சி வேலைன்னு விளக்கினேன். காதுல வாங்கின மாதிரி தெரியல.

அந்தப் பொண்ணுதான் சார் கடலூருக்கு மனு போட்டது. எல்லார் சார்பாவும். மனுன்னா ஆளுக்கொண்ணு போடணும்னு யாரோ சொல்லியிருக்காங்க. அது ஒண்ணு எழுதிச்சு. மத்த அறுபத்தோரு பேரும் உட்கார்ந்து எழுதிட்டாங்க.

ஜூலைல விசாரணை. மேடம் சின்ன வயசு, ஆனா கெட்டி. மனுக் கட்டைப் பிரிச்சு முதல் மனுவைப் படிச்சாங்க, ரெண்டாவதைப் படிச்சாங்க, மூணாவதைப் படிச்சுட்டு மூக்குக் கண்ணாடியைக் கழட்டினாங்க.

‘கொளஞ்சிங்கறது யாரு?’

‘நாந்தாம்மா’ன்னு எழுந்தார் கொளஞ்சி. ஆறடி ஆள், மீசை வேற.

‘நீங்க ஆறு மாசக் கர்ப்பிணின்னு எழுதியிருக்கீங்களே?’

கொளஞ்சி யோசிச்சார். ‘எல்லாரும் அப்படித்தாம்மா எழுதினோம்’னார்.

எனக்குப் பாயிண்ட் கிடைச்சுருச்சு. நான் எழுந்து சொன்னேன், ‘மேடம், குறிச்சுக்கணும். அறுபத்தோரு பேர், அதுல அம்பது பேருக்கு மேல ஆம்பளைங்க, அரசு அலுவலகத்துல பொய்யான கர்ப்பத்தைத் தாக்கல் பண்ணியிருக்காங்க. இவங்க பேச்சை எப்படி நம்பறது? இவங்க கையெழுத்தை மட்டும்தான் நம்பலாம்.’

மேடம் என்னையே பார்த்தாங்க. ‘இந்த மனுவுலயும் அவங்க கையெழுத்துதானே சார் இருக்கு?’ன்னாங்க. அப்புறம், ‘இவங்க எல்லாம் எதைப் பார்த்து எழுதிப் பழகினாங்க’ன்னு கேட்டாங்க. அப்பத்தான் யாரோ பின்னாலயிருந்து கண்ணாடிப் படிவம்னு கத்தினாங்க. அஞ்சலாட்சியாத்தான் இருக்கும்.

அதனாலதான் இது இன்னைக்கு என் மடியில இருக்கு. இதையும் கொண்டு வரணும், இவங்க படிவத்தை எப்படிப் பூர்த்தி பண்ணாங்கன்னு ஒரு வாக்குமூலமும் நான் குடுக்கணும். கம்பெனிக்கு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியோட கையெழுத்து அதுல வேணும். அதை வெச்சு மேடம் முடிவு சொல்லுவாங்க. தொழிலாளிங்க சுயமா எழுதினாங்கன்னு நான் சொன்னா, ரெக்கார்டு நிக்கும், முப்பத்தொண்ணாந்தேதி எல்லாரும் வெளிய. இல்லேன்னு சொன்னா, இந்தத் தேதி என் ஒருத்தனுக்கு மட்டும்தான் சொந்தம், நான் ஒருத்தன் மட்டும் வெளிய.

வாக்குமூலம் ரெடி. சின்ன முதலாளி சொல்லச் சொல்ல நானே டைப் அடிச்சேன். ‘தொழிலாளர்கள் தங்கள் விவரங்களைத் தாங்களே அறிந்து தங்கள் கைப்பட எழுதினர். எவரும் எதையும் பார்த்து எழுதவில்லை.’ எனக்கு இதுல மனசுல உறுத்தல் ஒண்ணும் இல்ல சார். நீங்களே சொல்லுங்க. சொந்தப் பிறந்த தேதியை ஒரு மனுஷன் இன்னொருத்தனைப் பார்த்து எழுதுவானா? புத்தி உள்ளவன் செய்யற காரியமா அது? எழுதியிருக்காங்கன்னா அவங்களுக்கு அதுல ஏதோ லாபம் இருந்திருக்கணும். முப்பது வருஷத் திட்டமாவும் இருக்கலாம்.

வீட்டுலதான் ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அதுக்கு வேற காரணம். ஓய்வு நோட்டீஸ் போன அன்னைக்கே சாப்ட்வேர் நாமினிகளுக்கும் தனியா ஒரு கடிதம் அனுப்பிருச்சு. ‘அன்புடையீர், தங்கள் கணவர் ஓய்வு பெற இருக்கிறார், அவரது மனநிலையைப் புரிந்து ஆதரவாக இருக்கவும்.’ தபால்காரர் எங்க வீட்டு வாசல்ல இருபது கவர் போட்டுட்டுப் போனார். எல்லாம் வனஜாட்சி பேருக்கு. ஒண்ணு என்னோடது. மத்த பத்தொன்பது, அந்தக் கட்டத்தையும் விடாம எழுதின ஆளுங்களோடது. அதுல ரெண்டு பேர் பொம்பளைங்க.

நான் சாயங்காலம் வீட்டுக்குப் போனா, இருபது கவரையும் சீட்டுக்கட்டு மாதிரி கையில விரிச்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா.

‘இருபது புருஷன் இருக்கானுவோ. ஒருத்தனாவது ஒரு நாள் வரும்போது ஒரு முழம் பூ வாங்கிட்டு வந்தானா?’

இது நிர்வாகத் தவறு, தனிப்பட்ட முறையில எடுத்துக்கக் கூடாதுன்னு சொன்னேன்.

‘யாரு தவறு? எழுதி மாட்டினது யாரு? பார்த்து எழுதுன்னது யாரு? ஒரு எழுத்தை மாத்தினா மூஞ்சியில விட்டெறிஞ்சது யாரு?’

விட்டெறியல சார். திருப்பிக் குடுத்தேன்.

இன்னைக்குக் காலையில கிளம்பும்போதும் அப்படித்தான். இந்தத் துண்டை எடுத்துட்டு வந்து அவளே கண்ணாடி மேல சுத்தினா. ‘பஸ்ல மூடியே வெச்சிருங்க, யாராவது பார்த்து எழுதிடப் போறாங்க’ன்னா. அவ பேசறது பாதி எனக்குப் புரியறதில்ல.

மந்தாரக்குப்பம் போயிருச்சா? அப்ப நேரமாச்சு. அந்தக் கையெழுத்து விஷயம் சார். சாட்சிக்குன்னு எங்ககிட்ட தனிப் படிவம் கிடையாது, கம்பெனிக்கு எப்பவும் ஒரே படிவம்தான். மேல ‘வேலைக்கான விண்ணப்பம்’னு இருக்கறதைக் கோடு போட்டு ‘சாட்சி’ன்னு எழுதியிருக்கேன். அடித்தல்தான், ஆனா பக்கத்துல என் சுருக்கொப்பம் இருக்கு, செல்லும். எல்லாக் கட்டத்தையும் பூர்த்தி பண்ணிருங்க, எதையும் காலியா விட்டா வாங்க மாட்டாங்க. உங்க பேனாவுலயே எழுதுங்க. பிடிமானத்துக்கு இந்தப் பையை மடியில வெச்சுக்குங்க.

என்ன சார், எந்தக் கட்டம்? ‘வசிப்பிட நிலை’யா? அது எல்லாரும் தடுமாறுற கட்டம்தான். இருங்க, பஸ் ஆடுது, நான் சொல்றது காதுல விழாது. துண்டை எடுத்துடறேன். இதோ. இதைப் பார்த்து எழுதுங்க.

எழுதுங்க எழுதுங்க, அவசரமில்ல. நான் இந்தப் பக்கம் பார்த்துக்கறேன். பக்கத்துல ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருந்தா எழுத்து வராது, எனக்குத் தெரியும்.

முடிச்சிட்டீங்களா? நல்ல கையெழுத்து சார். பேர், அப்பா பேர், சரி. முகவரி, சரி. பிறந்த தேதி...

சார்.

உங்க வயசு என்ன சார்? இல்ல, சும்மாதான் கேட்கறேன். முப்பத்தொண்ணா.

பதினாலு எட்டு அறுபத்தாறுன்னு எழுதியிருக்கீங்க.

சிரிக்காதீங்க சார். எங்க, இந்தப் பக்கம் திரும்புங்க. வலது புருவத்துக்கு மேல உங்களுக்குத் தழும்பு இல்ல. ஒண்ணுமே இல்ல, வழவழன்னு இருக்கு.

நீங்க காலேஜ் படிச்சவர்தானே? எம்.எஸ்சி.யா? ஒரு மணி நேரமா நான் இதே கதையைத்தானே சொல்லிட்டு வந்தேன். நீங்க தலையாட்டிக் கேட்டீங்களே. அப்புறமும் எப்படி சார்? கை தானாப் போச்சா? கண்ணாடி போட்டு, அச்சு மாதிரி எழுதியிருந்தா அதுதான் சரின்னு தோணிருச்சா?

நான் உங்களைக் கட்டாயப்படுத்தல. மிரட்டல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நான் என்ன சொன்னேன்? இதைப் பார்த்து எழுதுங்கன்னுதான் சொன்னேன்.

கொஞ்சம் இருங்க சார். தண்ணி குடிச்சுக்கறேன்.

என் மேல தப்புன்னு நான் சொல்ல வரல. படிவத்துல தப்பில்ல. தேதி சரியான தேதி. ஆளுங்கதான் மாறிப் போயிட்டாங்க, அவ்வளவுதான்.

சார் சார், என்ன பண்றீங்க? பேனாவை எடுங்க! அடிக்காதீங்க. திருத்தாதீங்க. அப்படியே இருக்கட்டும், ஒரு புள்ளிகூட மாத்த வேணாம். அடித்தல் திருத்தல் இருந்தா நானே வாங்க மாட்டேன். குடுங்க இப்படி.

அஞ்சலாட்சி முதல்ல எழுதிட்டு வந்த தேதி எனக்கு ஞாபகம் இருக்கு சார். மூணு அஞ்சு தொண்ணூத்தினாலு. அந்தக் கடைசி நாலைத்தான் அழுத்தி எழுதியிருந்துச்சு. சரியான தேதியைத்தான் சரியா எழுத அழிச்சிருக்கு. நான் வெரி குட்னு சொன்னது ரெண்டாவதுக்கு.

இந்த டைப் அடிச்ச வாக்குமூலத்தை என்ன பண்றதுன்னு கேட்கறீங்களா? பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. அதுல எழுதிக்கறேன். கையால எழுதினாலும் செல்லும். ‘சுவரில் மாட்டியிருந்த தேதி என்னுடையது. பார்த்து எழுதச் சொன்னவன் நான். அவ்வாறு எழுதுவது இயல்பே என்பதற்கு, கம்பெனிக்கு சம்பந்தமில்லாத, எம்.எஸ்சி. படித்த ஒருவர் ஓடும் பேருந்தில் என் கண்ணெதிரே பூர்த்தி செய்த படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.’ இணைப்பு ஒண்ணு. சாவியை எதோட இணைக்கறதுன்னு தெரியல. அதை நாளைக்குப் போய் நேர்லயே குடுத்துக்கறேன். பேர் போட்ட பலகைதான் வீணாச்சு. அதை வீட்டுல மாட்டலாம், ஆனா வனஜாட்சி கீழ என்ன எழுதுவாளோ.

வடலூரா? ஆமா, வந்துருச்சு. இறங்காதீங்க சார், தயவு பண்ணுங்க. கடலூர் வரைக்கும் வாங்க, டிக்கெட் நான் எடுக்கறேன். வயித்துப் புள்ளையோட அந்தப் பொண்ணு அங்க வந்து பெஞ்சுல உட்கார்ந்திருக்கும். மேடம் கேட்டா நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும், ஒருத்தரும் மிரட்டல, நானாத்தான் பார்த்து எழுதினேன்னு.

கண்டக்டர்! வடலூர் ஒண்ணு, கடலூருக்கு மாத்திக் குடுங்க.

உட்காருங்க சார். அப்புறம் ஒரு விஷயம், மேடம் முன்னாடி கூச்சப்படாம ஒத்துக்கணும். கீழ நாமினி கட்டத்தைப் பார்த்தேன். வனஜாட்சின்னு எழுதியிருக்கீங்க. உறவுமுறை மனைவி. நீங்க இருபத்தொண்ணாவது. திரும்பிப் போகும்போது விருத்தாசலத்துல இறங்கி, ஒரு முழம் பூ வாங்கிக் குடுத்துட்டுப் போயிருங்க.